தலையணைத் தள்ளுபடி

ஒரு மனிதன் வாழ்க்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். மனைவியின் அண்ணன் கடையில் நின்று சங்கு விற்கிற அளவுக்கு மட்டும் இறங்கக் கூடாது. ஷார்ஜாவில் விசா முடிந்து நான் ஊர் திரும்பிய வருஷம், மார்த்தாண்டத்தில் என் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த தீர்மானம் இது. சத்தமாகத்தான் எடுத்தேன். ஓமனா உள்ளே மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எடுத்தேன்.

ஓமனா என் மனைவி. அவளுடைய அண்ணன் ராஜகுமார் கன்னியாகுமரியில் கடலுக்குப் போகிற வழியில் சங்கு, சிப்பி, பாசிமாலைக் கடை வைத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களிடம் அவரவர் மொழியில் பேரம் பேசுவார். என்னிடம் மட்டும் எப்போதும் ஒரே வாக்கியம்: "என்ன மாப்ளே, சும்மாதான் இருக்கியளா?"

சும்மா இருப்பதில் என்ன தவறு? ஷார்ஜாவில் நான் ஒரு பெரிய வேர்ஹவுஸில் ஸ்டோர் கீப்பர். விமானத்தை நிறுத்தி வைக்கிற அளவுக்குப் பெரிய கொட்டகை. எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படி உழைத்தவன் கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கக் கூடாதா?

மிக்ஸி நின்றது. ஓமனா வெளியே வந்தாள்.

"இஞ்ச பாருங்க. மாசி மாசம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை வரும். அதுக்குள்ள ஒரு தொழில் தொடங்கி நடத்திக் காட்டணும். இல்லேன்னா அண்ணன் கடைக்குப் போணும். சம்மதமா?"

"கொடைக்கு முந்தியே காட்டுவேன் ஏட்டி."

"என்னத்தக் காட்டுவிய?"

"தொழில!"

"என்ன தொழிலு?"

நான் சுற்றிலும் பார்த்தேன். மதில் மேல் அவள் வெயிலுக்குப் போட்டிருந்த தலையணை கண்ணில் பட்டது.

"தலையணை," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய யோசனை என்று எனக்கே புரிந்தது. அப்போது ஊரில் எல்லாரும் செருப்பு முதல் சீப்பு வரை ஆன்லைனில் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அதில் விற்கிறவனைத் தின்பது கூரியர் செலவு. கூரியர் செலவு எடையைப் பொறுத்தது. உலகத்தில் எடையே இல்லாத சரக்கு எது? இலவம்பஞ்சுத் தலையணை! ஊதினால் போய்விடும். கூரியர்காரன் எனக்குப் பாக்கி தர வேண்டி வந்தாலும் வரும்.

தக்கலையில் ஒரு பஞ்சுக்கடையில் இருந்து இரண்டு டெம்போ தலையணை வந்து இறங்கியது. எல்லா உறையின் ஓரத்திலும் நான் தேர்ந்தெடுத்த நீலப்பூ. வீடு வேர்ஹவுஸ் ஆனது. ஹாலில் தலையணை. கட்டிலுக்கு மேலே தலையணை, கீழே தலையணை. சாமி அறையில் சாமிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டேன்.

"நம்ம எங்க படுக்க?" என்றாள் ஓமனா.

"இவ்வளவு தலையணை கெடக்கு, படுக்க இடமில்லேங்கியே!"

அடுத்தது கூரியர். மார்த்தாண்டத்தில் சொந்த வேன் வைத்து ஏஜென்சி நடத்துகிறவர் ஜெபமணி. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும்.

"அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு பார்சல் அனுப்புகவனுக்கு ஒரு ரேட்டு. ஒங்களமாதிரி வேர்ஹவுஸ் வச்சிருக்கவியளுக்கு வேற ரேட்டு. நாப்பது சதமானம் தள்ளுபடி! வேன் வீட்டுக்கே வந்து எடுக்கும். ஒண்ணே ஒண்ணு, மாசா மாசம் பார்சல் கொறையப்படாது. கொறைஞ்சா தள்ளுபடி போச்சு."

நாற்பது என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மார்தட்டினேன். ஓமனா தேங்காய் துருவியபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

"தள்ளுபடி சரி. ரேட்டு எடைக்கா, அளவுக்கா?"

"அளவா? கூரியர்காரன் என்ன தச்சனா, அளந்து பாக்க?"

"சென்னையில அக்காவுக்குச் சிப்ஸ் அனுப்பினப்போ டேப்பு வச்சு அளந்தாவ."

"சிப்ஸ் வேற, தலையணை வேற. பிசினஸ் உனக்கு வெளங்காது."

அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள். தேங்காயைத்தான் துருவுகிறாள் என்று நினைத்தேன்.

முதல் ஆர்டர்கள் வந்தன. வேன் வந்தது. டிரைவர் இறங்கினார். பையில் இருந்து தராசை எடுப்பார் என்று காத்திருந்தேன். டேப்பை எடுத்தார். நீளம் பார்த்தார். அகலம் பார்த்தார். உயரம் பார்த்தார். கல்லறைக்கு அளவு எடுப்பதுபோல இருந்தது. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஜெபமணிக்குப் போன் போட்டேன். ஓமனா கொல்லைப்புறத்தில் இருந்ததால் மெதுவாகத்தான் அலறினேன்.

"அண்ணாச்சி, எடை ரெண்டு வகை," என்றார் ஜெபமணி. "தராசு எடை ஒண்ணு, அளவு எடை ஒண்ணு. எது கூடுதலோ அதுக்காக்கும் காசு."

"உள்ள வெறும் காத்துல்லா இருக்கு!"

"காத்துக்கும் வண்டியில இடம் வேணும்லா?"

"அப்போ தள்ளுபடி?"

"உண்டும் அண்ணாச்சி. காத்துக்கும் நாப்பது சதமானம் தள்ளுபடி உண்டும்."

அன்றுதான் எனக்குத் தள்ளுபடி என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. முதலில் தள்ளுவார்கள். பிறகு படியில் உருள வேண்டியது நாம்.

தலையணையைவிட அதை அனுப்புகிற செலவு அதிகம். ஓமனாவிடம் சொல்லலாமா? சொன்னால் அடுத்த பஸ்ஸில் கன்னியாகுமரி. நான் பெரிய சங்கைத் தூக்கிப் பிடிக்க, ராஜகுமார் பின்னால் நின்று, "சத்தமா ஊதுங்க மாப்ளே, ஆளு வரட்டு" என்று சொல்கிற காட்சி கண்ணில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அளவுதானே பிரச்சினை? தலையணையைச் சுருக்கினால்? மேலே ஏறி உட்கார்ந்தேன். காற்று போனது. எழுந்தேன். காற்று வந்தது. அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். கயிறு போட்டுக் கட்டி, முழங்காலால் அமுக்கி, பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஓமனா வந்து நின்றாள்.

"என்ன செய்யிய?"

"எக்சசைஸ்."

"தலையணைக்கா, ஒங்களுக்கா?"

பதில் சொல்ல முடியவில்லை. வாயில் கயிறு இருந்தது.

சுருக்கிய தலையணைகள் புறப்பட்டுப் போயின. கோயம்புத்தூரில் ஒருவர் கயிற்றை அறுத்திருக்கிறார். அடக்கி வைத்த காற்றுக்கு அப்படி என்ன கோபமோ, தையல் பிரிந்து பஞ்சு முழுவதும் அவர் முகத்தில். தும்மித் தும்மி ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதினார்: "தலையணை கேட்டேன். வெடிகுண்டு வந்தது." அதைப் படித்த பிறகு யார் வாங்குவார்கள்? ஆர்டர் நின்றது. சுத்தமாக நின்றது.

மத்தியானங்களில் தலையணைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மெத்தென்று இருக்கும். மனசு மட்டும் கருங்கல்லாகக் கனத்தது. மனுஷன் அழுவதற்கு இவ்வளவு வசதியான இடம் வேறு கிடையாது. நாற்பத்தைந்து வயதில் பாலைவனத்து வெயிலை எல்லாம் தாங்கிவிட்டு, கடைசியில் பஞ்சு மோதி விழுந்தவன் நான் ஒருவன்தான்.

ஜெபமணி போன் செய்தார். "அண்ணாச்சி, இந்த மாசம் பார்சலே இல்லியே. தள்ளுபடி போயிரும் கேட்டியளா." வேன் வராததை ஓமனாவும் கவனித்துவிட்டாள். "என்ன, இன்னைக்கும் வண்டி வரலியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாள்காட்டியில் மாசி மாதத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வாங்க ஆள் இல்லையென்றால் என்ன, அனுப்பி வைக்க ஆள் இருக்கிறானே! ஷார்ஜாவில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிலுவைதாசன் இப்போது சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் முகவரிக்கு, பார்சலுக்கு ஒரு பெயர் போட்டு, தலையணை தலையணையாக அனுப்பத் தொடங்கினேன். செலவுக்கு, ஓமனாவுக்குத் தெரியாமல் ஷார்ஜாவில் இருந்து ஒளித்துக் கொண்டுவந்த பணம் கொஞ்சம் இருந்தது. தள்ளுபடி பிழைத்தது. வேன் தினமும் வந்தது.

வீட்டில் என் நிலைமையே மாறிவிட்டது. நேற்று வரை பழங்கஞ்சியும் துவையலும். இப்போது மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் கறியும். நடுத்துண்டு எனக்கு. வேன் டிரைவருக்குச் சாயா போட்டுக் கொடுத்து, "இன்னைக்கு எம்புடு பார்சல்?" என்று அவள் அக்கறையாக விசாரிப்பாள். பொய்க்கு இவ்வளவு ருசி உண்டு என்று முதலிலேயே தெரிந்திருந்தால் உண்மைக்காக இத்தனை வருஷம் வீணாக்கியிருக்க மாட்டேன்.

சிலுவைதாசன்தான் ஒருநாள் போனில் கத்தினான்.

"லேய் ஜெயசிங்கே! எனக்கு எத்தன தலைலே இருக்கு?"

"ஒண்ணுதான் மக்கா."

"பின்ன எதுக்குலே இந்தக் குமிப்பு? கட்டிலுக்கு அடியில வச்சாச்சு. அலமாரியில வச்சாச்சு. எம் பொஞ்சாதி ரீத்தா என்னைய வராந்தாவுல போட்டுட்டு உள்ள தலையணைய வச்சிருக்கா!"

"கொடை வரைக்கும் பொறுத்துக்க மக்கா. எனக்க மானப் பிரச்சினையாக்கும்."

அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. பழகிவிட்டான், நண்பன் என்றால் இவன்தான் என்று நினைத்து நெகிழ்ந்தேன்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. வீட்டில் தலையணை குறையக் குறைய என் தலை நிமிர்ந்தது. மாசியில் ஹால் காலி. கட்டில் காலி. கடைசித் தலையணையும் வேனில் ஏறியது. ஒளித்து வைத்திருந்த பணமும் அதோடு தீர்ந்தது. அதனால் என்ன? மண்டைக்காட்டில் கொடியேறுவதற்கு முந்தைய நாள். நான் ஜெயித்துவிட்டேன்!

வெள்ளை வேட்டி கட்டி, பஸ் ஏறி, நேராகக் கன்னியாகுமரிக்குப் போனேன். ராஜகுமார் முகத்துக்கு நேரே, "நான் உம்ம கடைக்கு வர மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இந்த ஜென்மத்தில் பாக்கி.

ராஜகுமார் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"வாங்க மாப்ளே! வாங்க! ஒங்க தலையணைக்கு இஞ்ச என்ன பேரு தெரியுமா? ஐயப்ப சீசன்ல லாட்ஜுக்காரன்வ ஒக்க, ஒருத்தன் விடாம, நம்மகிட்டத்தான் எடுத்தான்வ. நேத்து வந்த லோடும் போயாச்சு."

"எது... எந்தத் தலையணை?"

"ஜெபமணிக்க வேன்ல தெனமும் அனுப்பினியளே, அதுதான். நான்கூட நெனச்சேன், மாப்ளே சும்மா இருக்காருன்னு."

எதிரே இருந்த லாட்ஜின் மொட்டைமாடியைப் பார்த்தேன். வரிசையாகத் தலையணைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உறைகளின் ஓரத்தில் நான் தேர்ந்தெடுத்த அதே நீலப்பூ. சென்னையில் சிலுவைதாசன் கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டியவை எல்லாம் கடல்காற்று வாங்கிக்கொண்டிருந்தன. சொல்ல வந்த வசனத்தை அங்கேயே விட்டேன். அவர் வாங்கிக் கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஓமனா வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! சென்னைக்குப் போன தலையணை கன்னியாகுமரிக்கு எப்படிப் போச்சு?"

"அது சென்னைக்கே போகல்லியே."

"போகல்லியா?"

"மொத கொஞ்சம்தான் போச்சு. ரீத்தா எனக்குப் போன் போட்டு அழுதா. அண்ணி, வீட்டுல நடக்க எடமில்லேன்னு. அதான் நான் ஜெபமணியண்ணன்கிட்ட போய்ப் பறஞ்சேன். இவரு தாற பார்சல ஒக்க அண்ணனுக்க கடையில எறக்கிருங்கன்னு. சீசன்ல்லா? லாட்ஜ்ல தலையணைக்குப் பிடிவலி, கெடைக்காம அலையுதாவ."

"அந்த ஆளு எங்கிட்ட சென்னைக்குப் போற காசுல்லா வாங்கினான்!"

"வாங்கினாரு. டீசலுக்கு உள்ளத எடுத்துக்கிட்டு மிச்சத்த ஒழுங்கா எங்கிட்ட தந்துருவாரு. நேர்மையான மனுசன்."

"ஒங்கிட்டயா? அப்போ நான் இவ்வளவு நாளும் கூரியர் காசு கட்டினது உனக்கா?"

"பின்ன? எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்த காசுதானே. அது வர வேண்டிய எடத்துக்கு வந்துட்டு."

தலை சுற்றியது. சாய்ந்துகொள்ள வீட்டில் ஒரு தலையணைகூட இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னா நீங்க நிறுத்திருவிய. தெனமும் காலத்த எழும்பி, குளிச்சு, பார்சல் கட்டி, எவ்வளவு சந்தோசமா இருந்திய! அதக் கெடுக்க எனக்கு மனசு வரல்ல."

அவள் குரலில் உண்மையாகவே பிரியம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நான் படியில் உட்கார்ந்தேன். எந்த ஆளுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று காற்றுக்கெல்லாம் வாடகை கொடுத்தேனோ, எந்தக் கடைவாசலை மிதிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பொய் அனுப்பினேனோ...

"அப்போ ஓமனா, இத்தன மாசமும் நான் ஒங்க அண்ணனுக்குத்தான் வேலை செஞ்சேனா?"

அவள் பூச்சரத்தைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னாள்.

"சே, அப்படிச் சொல்லாதீங்க. வேலைன்னா அண்ணன் ஒங்களுக்குச் சம்பளம் தந்திருப்பாருல்லா?"