கனத்த சத்தமும் கை வைத்த நாற்காலியும்

இந்த முறை மனைவியிடம் அனுமதி கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். கோரிக்கை வைப்பது என்று முடிவெடுத்தேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போராடிப் பழகியவனுக்குத்தான் தெரியும். அனுமதி கேட்பவன் குனிந்து நிற்பான். கோரிக்கை வைப்பவன் நிமிர்ந்து நிற்பான். இருவருக்கும் முழங்கால் நடுங்கும் என்பது வேறு விஷயம்.

நான் கோழை இல்லை. தடியடி வாங்கியிருக்கிறேன். சிறையில் மூட்டைப் பூச்சிகளுக்கே சங்கம் வைக்கும் அளவுக்கு இருந்திருக்கிறேன். ஓடி வந்த லாரிக்கு முன்னால் படுத்திருக்கிறேன். லாரிக்காரன்தான் பயந்து இறங்கி ஓடினான். ஆனால் என் வீட்டுச் சமையலறையில் ஒரு கரண்டி கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டால் போதும், என் உயிர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

விவகாரம் ஒரு ஜெனரேட்டரில் ஆரம்பித்தது.

எங்கள் பாட்டுக்குழு ஆலை வாசல்களில் பாடும். பாட்டு எழுதுவது நான். மர கிட்டாரை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பதும் நான். நான் வாயைத் திறந்ததும் நிர்வாகம் உள்ளே ஜெனரேட்டரைப் போட்டுவிடும். கரண்டு இருக்கும்போதே போடும். போன கூட்டத்தில் முன்னால் நின்ற தொழிலாளி ஒருவர், பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "தொண்டை கட்டிடுச்சா? வாய் மட்டும் அசைஞ்சுது" என்று அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வெல்டர் வந்தான். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். எல்லோருக்கும் அவன் 'இடி'.

"அண்ணே, நமக்கு கனமான சத்தம் வேணும். ராக். எலெக்ட்ரிக் கிட்டார். அது ஆம்ப் பெட்டி வழியா பெருசாகி வந்துச்சுன்னா ஜெனரேட்டர் வாயப் பொத்திக்கும்."

"என் மர கிட்டாருக்கு என்னடா குறைச்சல்?"

"கொசு பாடுற மாதிரி இருக்குண்ணே."

"கொசு இல்லடா, கொள்கை!"

"கொள்கை சரிதாண்ணே, கேக்க மாட்டேங்குதே. குழு பேசி முடிச்சிருச்சு. அடுத்த கூட்டத்துக்குள்ள நீங்க மாறிட்டா நீங்கதான். இல்லேன்னா வேற ஆள் தயாரா இருக்கு. உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி. கை வெச்ச நாற்காலி."

கை வைத்த நாற்காலி என்றால் என்னவென்று எங்கள் இயக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கையில்லாத நாற்காலி போடுவோம். ஒருவர் முடிந்துபோனால்தான் அவருக்குக் கை வைத்தது. அதில் உட்கார்ந்தவர் மறுபடி மேடை ஏறி நான் பார்த்ததில்லை. வரவேற்புரையில் அவர் பெயரைச் சொல்வார்கள். நன்றியுரையில் மறந்துவிடுவார்கள். எத்தனை பேரை அதில் நானே உட்கார வைத்திருக்கிறேன்! 'நீங்க வளத்த இயக்கம், சாஞ்சு உக்காருங்க' என்று தோளை அழுத்தி உட்கார வைப்பேன்.

"வேற ஆளா? யாருடா அது?"

இடி வானத்தைப் பார்த்தான். "கெட்டிக்கார ஆளுண்ணே. மேல கேக்காதீங்க. எனக்கும் பயம்னு ஒண்ணு இருக்கு."

ஆக, எலெக்ட்ரிக் கிட்டார். வாங்குவது கஷ்டமில்லை. வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். நான் எழுதிய துண்டறிக்கை ஒவ்வொன்றையும் மடித்தது அவள் கைதான். ஊரெல்லாம் அதை வாங்கிக் கடலை மடித்தது. கடைசி வரி வரை படித்த ஒரே ஜீவன் அவள். இது எனக்குப் பெருமை. ஆபத்தும் இதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பைண்டிங் ஊசியும் நூலும் அவள் இடது கை விரல் நுனிகளைக் காய்ப்பேற்றியிருந்தன. உழைக்கும் வர்க்கத்தின் விரல்கள் என்று அதை வைத்து ஒரு பாட்டே எழுதியிருக்கிறேன். ஊசி பிடிப்பது வலது கை ஆயிற்றே என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாத இன்னொன்றும் உண்டு. என் கிட்டார் சுருதி கலையவே கலையாது. நான் தொட்டே வாரக்கணக்கில் ஆகியிருக்கும். எடுத்தால் கம்பி ஒவ்வொன்றும் கச்சிதமாக நிற்கும். கொள்கைப் பிடிப்பு உள்ளவன் வீட்டில் கருவியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பேச்சுவார்த்தை பற்றி நான் எழுதிய துண்டறிக்கையில் ஒரு முறை உண்டு. ஒன்று வேண்டுமானால் நான்கு கேட்பது. நிர்வாகம் கத்தும். மூன்றை ஒவ்வொன்றாக, நெஞ்சு வெடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு விட்டுக்கொடுப்பது. கடைசியில் வேண்டிய ஒன்று கைக்கு வரும், தியாகி என்ற பெயரோடு. இந்த முறையில் நான் தோற்றதே இல்லை.

சாயங்காலம் சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம்.

"ஒரு பேச்சுவார்த்தை" என்றேன்.

"உக்காந்து பேசுங்க."

"நின்னுட்டேதான் பேசுவேன்."

"முழங்கால் ஆடுதேன்னு சொன்னேன். உங்க இஷ்டம் தலைவரே."

தொண்டையைச் செருமினேன். "மொத்தம் நாலு கோரிக்கை. ஒண்ணு, எனக்கு ஒரு புது எலெக்ட்ரிக் கிட்டார். கனமான சத்தம் வர்றது."

கத்தி நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துத் தொடர்ந்தேன்.

"ரெண்டு, ஆம்ப் கூடத்துல டிவி இருக்குற இடத்துல இருக்கும். டிவி போயிரும். மூணு, தினம் சாயங்காலம் பயிற்சி. அந்த நேரத்துல யாரும் குறுக்க பேசக் கூடாது. நாலு, வாசிக்கிற ஆளு மேல சமையல், பாத்திரம் எந்த வேலையும் விழக் கூடாது. வீட்ல இருக்குற அடுத்த ஆளு பாத்துக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது கத்துவாள். டிவியை முதலில் விட்டுக்கொடுப்பது, பாத்திரத்தைக் கண்ணீரோடு விட்டுக்கொடுப்பது என்று வரிசையெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

"சரி" என்றாள்.

"எது சரி?"

"நாலும் சரி."

என் வாழ்நாளில் எந்த நிர்வாகமும் நான்கையும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்று துண்டறிக்கையிலும் இல்லை. நான் எழுதவில்லையே! எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற முதலாளி ஆலையை மூடப் போகிறான் என்று அர்த்தம். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"வேணும்னா நாலாவதை விட்டுக்கொடுக்குறேன்" என்றேன்.

"எதுக்கு? நல்ல கோரிக்கை. அதுல மட்டும் உறுதியா நில்லுங்க."

"டிவியாவது..."

"டிவி கெடக்குது விடுங்க. ஒரே ஒரு திருத்தம்தான். 'எனக்கு ஒரு கிட்டார்'னு சொன்னீங்க. எனக்கு, எனக்குன்னு கேக்குறது தனிமனிதக் கோரிக்கை இல்லையா? அதைக் கண்டிச்சு நீங்க எழுதினதை நான்தானே ராத்திரி பகலா மடிச்சேன்?"

சுரீர் என்றது. உண்மை. என்னைப்போல் ஒருவன் வாயில் 'எனக்கு' வரலாமா?

"திருத்தத்தை ஏத்துக்குறேன்" என்றேன் கம்பீரமாக. "இந்தக் குடும்பத்துக்கு ஒரு கிட்டார்!"

"நிறைவேற்றப்பட்டது" என்று சொல்லிவிட்டு பீன்ஸை நறுக்கினாள். நறுக்குவதில் ஒரு தாளம் இருந்தது. எங்கேயோ கேட்ட தாளம்.

அடுத்த சில நாட்கள் நான் பட்ட பாடு சிறையில்கூடப் பட்டதில்லை. அவள் சிரித்த முகமாகவே இருந்தாள். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. இடியிடம் போய்ச் சொன்னேன். "நாலையும் ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டவன், முகக் கவசத்தைச் சட்டென்று இறக்கி மாட்டிக்கொண்டான். வெல்டிங் எதுவும் நடக்கவில்லை. கவசத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

கடைக்கு அவளும் வந்தாள். தோளில் ஒரு நீளமான உறை.

"அது எதுக்கு?"

"கிட்டார் நனையாம வரணுமே."

வானத்தில் மேகமே இல்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கிட்டார் கடை குறுகலாக, நீளமாக, சுவரெல்லாம் கிட்டார் தொங்க இருந்தது. கடைக்காரர் குடுமி வைத்த ஒல்லி மனிதர்.

"வாங்கக்கா" என்றார் அவளைப் பார்த்து. என்னைப் பார்த்து, "சார் யாரு?" என்றார்.

விலை விசாரிக்க முன்பே வந்திருப்பாள் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். மனசு கேட்கவில்லை. அதுவும் என்னைப்போல் பயந்திருந்தது.

நான் நேராகப் போய்ச் சிவப்பு கிட்டாரை எடுத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

"இதைப் போட்டுக் காட்டுங்க. கனமா வேணும். ராக்."

"எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருப்பட்டுமா சார்?"

"பாதியில நிக்குறது நம்ம பழக்கமில்ல."

ஆம்பை முடுக்கினார். நான் காலை அகட்டி நின்று, ஆறு கம்பியையும் சேர்த்து, மர கிட்டாரில் அடிப்பதுபோல் ஓங்கி அடித்தேன்.

என்ன சொல்வது! ஒரு தகரக் கொட்டகை மாடிப்படியில் உருண்டு வந்தது. கையை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. நிற்காமல் மேலே மேலே ஏறி ஊளையிட்டது. நான் ஆம்புக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். ஓர் அடி பின்னால் வைத்தால் வேறு சுருதியில் ஊளையிட்டது. வாசலில் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றவும் தெரியாமல், மாட்டிக்கொண்டு நிற்கவும் தைரியமில்லாமல், "அமத்துங்க! அமத்துங்க!" என்று அலறினேன். வாய் மட்டும் அசைந்தது.

அவள் வந்து கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஊளை நின்றது. ஒரு குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல் அவ்வளவு சாதாரணமாக.

"தள்ளிக்குங்க" என்றாள்.

"நிறம் நல்லா இருக்குல்ல?" என்றேன், வேறு எதுவும் சொல்ல வராமல்.

"நிறத்தை நம்பி நாம ஏமாந்தது போதும். அந்தக் கறுப்பை எடுங்க தம்பி. ரெட்டைச் சுருள் பிக்கப் வெச்சது, கம்பிச் சத்தத்தைக் கனமா இழுக்கும்."

கறுப்பு கிட்டார் தடித்த மரம். பார்த்தாலே தோள் வலித்தது. அதை மாட்டிக்கொண்டாள். அதன் தோள்வார் முதலிலேயே அவள் உயரத்துக்கு இருந்தது. ஆம்ப் குமிழைக் குறைத்தாள்.

"ஏத்தணும்!" என்றேன்.

"ஏத்தினா கூழாயிரும். குறைச்சாத்தான் கனம்."

வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் கடைசி முனையில் பதித்தாள். இடது கையின் காய்ப்பேறிய விரல்கள் கிட்டாரின் நீண்ட கழுத்தில் உட்கார்ந்தன. தடித்த இரண்டே கம்பி. அடித்தாள்.

ஜக். ஜக். ஜக்-ஜக்.

தரை வழியாக வந்து என் பல்லில் ஏறியது. கடைக் கண்ணாடி நடுங்கியது. நானும் நடுங்கினேன். பீன்ஸ் நறுக்கிய தாளம். என் ஆலை வாசல் பாட்டு! நான் எழுதியது. இவ்வளவு கோபம் அதில் இருந்தது என்று எனக்கே தெரியாது.

"எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க கூட்டத்துக்குப் போயிருந்தப்போ."

"எத்தனை நாளா?"

"நீங்க எத்தனை கூட்டத்துக்குப் போனீங்க?"

"அப்போ... வேற ஆள் தயாரா இருக்குன்னு இடி சொன்னானே..."

"நான்தான்."

"சதி! இது என் கிட்டார். நான் கேட்டது!"

"நம்ம குடும்பத்து கிட்டார். குடும்பத்துல நல்லா வாசிக்கிறவங்க வாசிக்கட்டும். சார் மறுபடி ஒரு தடவை அடிச்சுக் காட்டணுமா?"

"வேண்டாம்க்கா" என்றார் கடைக்காரர் அவசரமாக.

"வாசிக்கிற ஆளு மேல பாத்திரம் விழக் கூடாது. சாயங்காலம் யாரும் குறுக்க பேசக் கூடாது. எல்லாம் உங்க கோரிக்கை. நான் ஒண்ணையாவது மறுத்தேனா?"

மறுக்கவில்லை. கிட்டாரை உறையில் போட்டு அவள் மாட்டிக்கொண்டாள். ஆம்பை நான் தூக்கிக்கொண்டேன்.

கூட்டம் வந்தது. எனக்கு அன்று காலையிலிருந்து வேறு பயம். எனக்காக இல்லை. ஆலை வாசலில் காவலாட்கள் வரிசையாக நின்றார்கள். அவள் நடுவில், நான் நின்ற இடத்தில், கறுப்பு கிட்டாரோடு நின்றாள். ஜெனரேட்டர் உறுமியது. அது தெரிந்த உறுமல், எத்தனையோ தடவை என்னை விழுங்கியது. இவளையும் விழுங்கிவிட்டால்? மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஜக். ஜக். ஜக்-ஜக்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே மிஷினில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பாட, முதல் தடவையாக என் பாட்டின் வரிகள் மதிலைத் தாண்டி உள்ளே போயின. நான் எழுதிய வரிகள். என்னை மறந்து கைதட்டினேன்.

தட்டிய கையைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தேன். வைக்க இடம் இருந்தது. இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலி. முன்வரிசை. எப்போது என்னைத் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள் என்றே தெரியவில்லை. அடியில் என்னவோ மெத்தென்று இருந்தது. தடவிப் பார்த்தேன். மெத்தை.

பாட்டு முடிந்ததும் இடியைக் கூப்பிட்டேன். "நம்ம இயக்கத்துல நாற்காலிக்கு மெத்தை எப்போடா வந்துச்சு?"

"அண்ணி கோரிக்கை வெச்சாங்கண்ணே. உங்களுக்கு சோபா, ஃபேன், குடை, மெத்தைன்னு நாலு கேட்டாங்க. பேசிப் பேசி மெத்தையில முடிச்சோம்."