பூட்டுப் போட்ட பூமி

பீரோவிலிருந்து இறக்கும்போது உலக உருண்டை கை நழுவி விழுந்தது. உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிய இரும்பு வளைவுதான் முறிந்துபோனது. வினோலியா டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக் காலை இன்ஸ்பெக்‌ஷன். வருகிற அதிகாரி நல்லபடியாக எழுதினால்தான் நான்கு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். நடத்த வேண்டிய பாடமோ, பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்பது.

சாயங்காலம் நாகல்நகரில் கருப்பணனின் பூட்டுப் பட்டறைக்கு உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் அரை மணி நேரத்தில் வளைவைப் பற்றவைத்து மேசைமேல் நிறுத்தினார். பூமி அட்டென்ஷனில் நின்றது.

“கோணிப் போயிருந்துச்சு டீச்சரம்மா. அதையும் நிமித்திட்டேன்.”

“ஐயோ அண்ணே! அது சாஞ்சுதான் இருக்கணும்!”

“உலகமேவா சாஞ்சிருக்கு?”

“சாயலேன்னா கோடையும் கிடையாது, பனியும் கிடையாது.”

கோணலை நிமிர்த்தியே பிழைத்தவர் கருப்பணன். அவரால் இதை ஏற்க முடியவில்லை. வினோலியா பட்டறை பல்பின் முன்னால் உருண்டையைச் சாய்த்துக் காட்டினாள்.

“நம்ம பக்கம் பல்பைப் பாத்துச் சாஞ்சிருக்கா? வெளிச்சம் நேரா விழுது. இது கோடை. இப்ப சாய்வை மாத்தாம பல்புக்கு அந்தப் பக்கம் கொண்டு போறேன். நம்ம பக்கம் விலகிருச்சு, வெளிச்சம் சரிவா விழுது. இது பனிக்காலம்.”

“அப்ப சூரியனுக்குக் கிட்டக்கப் போறதுனால இல்லையா?”

“ஜனவரியிலதான் அண்ணே ரொம்பக் கிட்டக்க இருக்கோம். அப்பத்தான நமக்குக் குளிருது?”

கருப்பணன் தானும் ஒருமுறை உருண்டையைப் பல்பைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பயபக்தியோடு சுத்தியலை எடுத்தார். பக்தி கொஞ்சம் கூடிப்போய் பூமி படுத்தேவிட்டது. தூக்கி நிறுத்தினார், தொளதொளவென்று ஆடியது. கடைசியில், ஆயுசுக்கும் சாய்வு மாறக்கூடாதென்று அச்சிலேயே ஒரு பூட்டைப் பொருத்திப் பூட்டியும் விட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாய்வு சரியாக இருந்தது. பூமிதான் சுற்றவில்லை. சாவி பட்டறையில்!

மறுநாள் காலை, டீச்சர் போன் செய்ததும் கருப்பணன் சாவியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடமாயிற்றே என்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவசரத்தில் கண்ணாடியை மட்டும் மறந்திருந்தார்.

“எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாதும்மா. நான் டார்ச் அடிக்கிறேன், நீங்க திருகுங்க.”

சாவி பாதியில் சிக்கிக்கொண்டது. வினோலியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரும்பலகைக்குக் கீழே ஸ்பேனரோடு உட்கார்ந்தாள். கையெல்லாம் கிரீஸ். ஏழாம் வகுப்பு மொத்தமும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை ரோசலின் முன்வாசலில் மாலையோடு காத்திருக்க, அதிகாரி பின்வாசல் வழியாக வகுப்புக்குள் நுழைந்தார்.

“பருவகாலம் எதனால வருது?”

வினோலியா பதறிப்போய் கிரீஸ் கையைத் துடைக்கத் துணி தேடினாள். கருப்பணனுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. கையிலிருந்த டார்ச்சையே சூரியனாக்கி, நேற்றுக் கேட்டதை ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தார்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். “சூரியனுக்குப் பக்கத்துல போறதுனாலன்னுல்ல நான் படிச்சிருக்கேன்?”

நான்கு வருட உழைப்பு வினோலியாவின் கண்முன் வந்து நின்றது. “ஆமாங்கய்யா. நீங்க சொல்றதுதான் சரி,” என்றாள் தரையிலிருந்தபடியே.

“அதெப்படி?” என்றார் கருப்பணன். “ஜனவரியிலதான் கிட்டக்க இருக்கோம். அப்ப ஏன் குளிருது? யார் சொன்னாலும் தப்பு தப்புதானுங்கய்யா.”

அதிகாரி நோட்டில் வெகுநேரம் எழுதினார். வினோலியா தலை நிமிரவில்லை. வேலை போனால் போகட்டும். பட்டறையில் அத்தனை தைரியமாகச் சொன்ன உண்மையை வகுப்பில் விட்டுக்கொடுத்துவிட்டோமே!

ரோசலின் மூச்சிரைக்க ஓடி வந்தார். அதிகாரி நோட்டை மூடினார்.

“உங்க சயின்ஸ் வாத்தியாரை நிரந்தரம் பண்ணலாம்னு எழுதிட்டேன் மேடம். நான் வேணும்னே தப்பாச் சொல்லிப் பாத்தேன், மனுசன் அசையலையே! ஆனா, ரிப்பேர் வேலைக்கு வந்த இந்தம்மாவை மட்டும் பாடத்துக்கு நடுவுல பேச விடாதீங்க.”