ஆற்றைத் தாண்டிய ஈ

அக்கரை ஈ ஒன்று இக்கரைப் பொறியில் செத்துக் கிடந்தது. விரிவுரையாளர் நல்லமுத்துவின் முனைவர் பட்டத்துக்கு வந்த முதல் தடங்கல் அதுதான்.

'டாக்டர் நல்லமுத்து' என்று பீங்கானில் சுட்டு வாசலில் பதித்தாகிவிட்டது. பட்டம்தான் பாக்கி.

மணிமுத்தாற்றின் இரு கரையிலும் கொய்யாவைக் கெடுக்கும் பழ ஈக்கள் பார்வைக்கு ஒன்றே; மரபணுவில் வேறு வேறு இனம்; நடுவில் ஆறு இருப்பதால் ஒன்றோடொன்று சேரவே சேராது. இதுதான் அவர் ஆய்வு. "நிலப்பரப்பு மரபியல்" என்று கனைத்துக்கொண்டு அதை அவர் விளக்கும்போது, குரலில் சாதிச் சங்க மாநாட்டு மிடுக்கு ஏறிவிடும்.

"பாட்டில மாத்தி வச்சிட்டியா திலீபா?"

திலீபன் அவருடைய ஆய்வு உதவியாளன்; இரு கரைப் பொறிகளிலும் விழும் ஈக்களைத் தனித்தனிப் பாட்டிலில் சேகரித்து வருபவன். அக்கரையில் பீங்கான் சூளை வைத்திருப்பவரின் மகன்.

"இல்லீங்க சார்."

"அப்ப காலேஜ் லேப்ல எவனோ கலக்குறான். இனிமே நேரா எங்க வூட்டுக்குக் கொண்டாந்து இனியா கையில குடு. எம்பொண்ணு பத்திரமா வைப்பா."

இனியா பத்திரமாகத்தான் வைத்தாள். பெங்களூரிலிருந்து அடுத்த மரபணு அறிக்கை வந்தபோது அக்கரை ஈ ஐந்தாகியிருந்தது.

"சாயங்காலம் வர்றதுக்குள்ள ஏதோ நடக்குது. காலையிலயும் வா."

வந்தான். ஈக்கள் மேலும் பெருகின.

"பேரு ஒட்டும்போதுதான் தப்பு நடக்குது. அவ ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாரு."

"பாக்குறேங்க சார்," என்றான் திலீபன், மிகுந்த பணிவோடு.

அடுப்படியிலிருந்து மனைவி ராஜாம்பாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு விசயம்..."

"ஈயப் பத்தியா?"

"இல்ல."

"அப்ப அப்புறம்."

கடைசி அறிக்கை வரைபடத்தோடு வந்தது. எந்த ஈ எங்கிருந்து பரவியது என்று கோடு போட்டிருந்தார்கள். அக்கரை ஈக்களின் கோடெல்லாம் இக்கரையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பின. நல்லமுத்துவின் வீட்டுக் கொல்லை. கீழே ஒரு வரி: இரு இனமும் தடையின்றிக் கலக்கின்றன, வாரிசுகள் நலமாக உள்ளன.

நல்லமுத்து கொல்லைக்கு ஓடினார். பொறி கட்டியிருந்த மரத்தடியில் பாதி கடித்து, புழுவைக் கண்டதும் வீசிய கொய்யாப்பழங்கள் குவிந்து கிடந்தன. அவர் மரமோ இன்னும் பூக்கவே இல்லை.

"அக்கரைக் கொய்யாடி! புழுவோட வந்திருக்குது! எவன் கொண்டாந்தான் என் வூட்டுக்கு? என் பட்டமே போச்சு!"

திலீபன் பாட்டிலைப் பார்த்தான். இனியா திலீபனைப் பார்த்தாள். ராஜாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கத்தாதீங்க. மசக்கைக்காரி கேக்குறா, மாப்ள வாங்கியாராரு. தையிலயே ரிஜிஸ்டர் ஆபீசுல முடிஞ்சிடுச்சி, அதச் சொல்லத்தான் வந்தேன். ஈயப் பத்தியான்னு கேட்டீங்க."