லாடக்காரர் ஏலம் விட்ட பகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், தை மாதம் மூன்றாம் ஞாயிறு, காலை பத்தரை மணி. பனி விலகிவிட்டது. வெயில் இன்னும் முதுகைச் சுட ஆரம்பிக்கவில்லை. கிழக்கிலிருந்து லேசான காற்று. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் லாடக்காரர் தம்முடைய பகையை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். வீடு வாசலை ஏலத்தில் விட்டவர்களை நான் ஒன்பது பேர் வரை பார்த்திருக்கிறேன். பகையை ஏலத்தில் விட்டவர் சேலம் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் தெரிவிக்கலாம், கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் எங்கள் ஊர். அங்கே அவர் வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்தார். ஞானஸ்நானம் எடுத்தபோது ஒரு பெயரும் வைத்தார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்கும்போது, "சாமி, செத்த நேரம் படுங்க, சீக்கிரம் முடிச்சர்றேனுங்க" என்பார். அதே மூச்சில் மாட்டுக்காரனிடம், "கால அமுக்கிப் புடிடா, கத கேக்கவா வந்த?" என்பார். அவரிடம் இருந்த மரியாதையெல்லாம் மாடுகளுக்கே செலவாகிவிட்டது. வேதக்கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாருக்கும், அந்தக் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்கும் மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார்.

நாற்பது வயதுக்கு மேல் சபைக்கு வந்தவர். நாங்கள் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். அவருக்கு அது அந்த வாரத்துக்கான வேலை உத்தரவு. ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்ட வேண்டும் என்று உபதேசியார் ஒரு ஞாயிறு பேசினார். திங்கட்கிழமை லாடக்காரர் மூன்று மைல் நடந்து ஒரு புளி வியாபாரியின் கடைக்குப் போனார். ஆறு வருஷத்துக்கு முன் லாடக்காரரை அறைந்த ஆசாமி அவர். "இந்தப் பக்கம் பாக்கி இருக்குது" என்று முகத்தை நீட்டியதும் வியாபாரி பயந்துபோய்க் கடையைச் சாத்திவிட்டார்.

விளக்கை ஏற்றி மறைத்து வைக்கக் கூடாது என்று இன்னொரு பிரசங்கம். அன்று முதல் லாடக்காரரின் கூரை மேல் ஓர் அரிக்கேன் விளக்கு எரிந்தது. சாலையில் போனவர்கள் புதிதாகக் கள்ளுக்கடை திறந்திருக்கிறது என்று நினைத்து வண்டியை நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் ஐந்து வண்டிகள். எல்லோருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்து, "லாடம் தேஞ்சு கெடக்குது, மாட்ட அவுத்து உடுடா" என்றார். உபதேசியார் அதன் பிறகு அந்தப் பிரசங்கத்தைச் செய்யவே இல்லை.

தை மாதத்தில் எங்கள் கோயிலில் அறுப்புப் பண்டிகை. விளைந்ததில் முதலாவதை அவரவர் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். காலணாப் பூசணிக்காய் ஒரு ரூபாய்க்குப் போகும். பணம் கோயிலுக்கு. கொடுத்தவரே தம் பொருளை ஏலம் கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு உபதேசியார் விதைப்பைப் பற்றிப் பேசினார். கம்பு போட்ட இடத்தில் கம்புதான் வரும். மனிதனின் ஆத்துமாவும் ஒரு வயல். அதில் எதைப் போட்டோமோ அதைக் கடவுள் நம் கையாலேயே அறுக்க வைப்பார், அவரை ஏய்க்க முடியாது என்றார். நான் எண்ணியவரை பதினொரு பேர் தூங்கினார்கள். லாடக்காரர் தூங்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, எனக்குத் துண்டு நெலங்கூட இல்லீங்க. நான் என்னத்த வெதச்சிருக்கறனுங்க?"

"நீரே யோசித்துப் பாரும்" என்றேன்.

அவர் யோசிக்கவில்லை. ஊரைக் கேட்கப் புறப்பட்டுவிட்டார். வீடு வீடாக நின்று, "உங்க மனசுல நான் என்ன வெதச்சேன், சொல்லுங்க" என்று விசாரித்தார். உபதேசியாரின் மனைவி "தலவலி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எண்ணெய்க்காரம்மா செக்கு மேட்டில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்: "எங்கிட்ட என்னத்தக் கேக்கற? போயி வண்டிக்காரரக் கேளு. அங்கதான் ஆள் ஒசரத்துக்கு வெளஞ்சு நிக்குது."

லாடக்காரர் அதோடு விசாரணையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

வண்டிக்காரர் அவரைவிட நாலு வயது மூத்தவர். துணி மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றிப் போவார். இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் லாடம் அடித்த மறுநாள் வண்டிக்காரரின் மாடு நொண்டியது. ஆணி சதையில் இறங்கிவிட்டது என்று அவர் சந்தையில் சொன்னார். லாடக்காரர் அதே சந்தையில், அதைவிட உரக்க, "தீனி போடாம பட்டினி போட்டா மாடு நொண்டாம நாட்டியமா ஆடும்?" என்றார். கூட்டம் சிரித்தது. மாட்டைப் பட்டினி போடுகிறவனை நம்பி மூட்டை ஏற்ற முடியாது என்று துணி முதலாளி வண்டி வாடகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வண்டிக்காரர் லாடம் அடிக்க ராசிபுரம் போனார். கோயிலில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். லாடக்காரர் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைத் தனியாகச் சாப்பிட்டார். அந்த மனிதர் மறுபடி ஒருமுறை "ஏன்டா" என்று கூப்பிட வேண்டும். லாடக்காரருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பண்டிகையன்று ஏழு பூசணி, இரண்டு கோழி, ஒரு கூடை நிலக்கடலை ஏலம் போயின. நான் கணக்கெழுத உட்கார்ந்திருந்தேன். லாடக்காரர் வெறுங்கையோடு மேஜைக்கு வந்தார்.

"என்ன கொண்டுவந்தீர்?" என்றார் உபதேசியார்.

"பகைங்க. நானே வெதச்சதுங்க. நல்லா முத்திப் போச்சு."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆணி சதையில் இறங்கியது உண்மை என்றார். அடிக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது என்றார். பட்டினி என்று சொன்னது பொய், அதுதான் விதை என்றார். "ரெண்டு வருசமா இதத்தானுங்க அறுத்துத் தின்னுட்டிருக்கறேன். வேண்டியவங்க எடுத்துக்கங்க."

உபதேசியார் தலையைச் சொறிந்தார். எனக்கு வேறு கவலை. தானியம், காய்கறி, கோழி என்று மூன்று தலைப்புதான் போட்டிருந்தேன். இதை எதில் எழுதுவது?

"அரையணா" என்றாள் எண்ணெய்க்காரம்மா. "எம்மருமவளுக்கு ஆவும்."

அப்போது பின்னாலிருந்து வண்டிக்காரர் எழுந்தார். "ஏனுங்க உபதேசியாரே, அதுல பாதி என்னுதுங்க. என்னைய ஒரு வார்த்த கேக்காம எப்படி ஏலம் உடுவீங்க?"

"வேண்டுமானால் நீரும் கேளும்."

"கேக்கறேன். ஒரு ரூவா. நானே வெச்சுக்கறேன்."

வாங்கினால் முழுப் பகையும் அவருடையது. சாகும்வரை வைத்துக்கொள்வார். லாடக்காரரின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. அவர் கேட்கவும் சட்டமில்லை. என் சம்பளம் பதினாலு ரூபாய். பென்சில் பிடித்த கை தானாக உயர்ந்ததை நான் பார்த்தேன். "ஒன்றரை ரூபாய்" என்று என் குரல் சொன்னது.

"ரெண்டு" என்றார் வண்டிக்காரர்.

"இரண்டு ரூபாய் நாலணா."

வண்டிக்காரர் என்னை முறைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாத்தியாரே வெச்சுக்கட்டும். ஆனா ஒண்ணுங்க. சந்தையில வெதச்சதக் கோயல்ல வந்து அறுத்தா அது என்னுங்க ஞாயம்?" என்று நடந்துவிட்டார்.

எல்லோரும் லாடக்காரரைப் பார்த்தோம். "அண்ணன் சொல்றது சரிதானுங்க" என்றார்.

அடுத்த சந்தை நாளில் அவர் ஒரு காலி வண்டி மேல் ஏறி நின்று, கோயிலில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். "அப்ப எங்க மாட்டுக்கும் இதே ஆணிதானா?" என்று ஒருவன் கேட்டான். "உனக்கு நல்லாத்தான் அடிச்சேன், உம் மாடுதான் சரியில்ல" என்று வாயைத் திறக்கப்போனவர், அப்படியே அடக்கிக்கொண்டார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணி முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு மாடும் வரவில்லை. சதையில் ஆணி அடித்தேன் என்று சொல்லும் ஆளிடம் யார் வருவார்கள்? பதினெட்டு நாள் உலை எரியவில்லை. கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டு, போகிற மாடுகளுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னபோது தொழில் நன்றாக நடந்தது. உண்மை சொன்னதற்கா இந்த அறுவடை? உபதேசியாரைக் கேட்டேன். "இது எந்த விதையின் பயிர் என்று இப்போதே சொல்ல முடியாது வாத்தியாரே, பொறும்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் வண்டிக்காரர் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் மறுபடியும் துணி மூட்டைகள் இருந்தன.

"ஏன்டா, கயிறு எங்க? எட்டுக் காலும் பாரு. இந்த வாட்டி ஆணி எறங்குச்சு, பகைய இல்ல, உன்னையவே ஏலம் போட்டுருவேன்."

லாடக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "இத அன்னைக்கே சந்தையில சொல்லித் தொலைச்சிருக்கலாமல்லடா" என்றார் வண்டிக்காரர். "அன்னைக்கு வெளையலீங்கண்ணா" என்று மாட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

வண்டிக்காரர் மாடு கட்டிய இடத்தில் ஊர் மாடுகளும் வந்து சேர்ந்தன.

நான் லாடக்காரரிடம் நியாயம் கேட்டேன். ஏலத்தில் வாங்கிய சரக்கு என் கைக்கு வந்து சேரவே இல்லையே என்றேன். "நீங்க தண்ணி ஊத்தாம உட்டுட்டீங்க, பட்டுப்போச்சு" என்றார். பிறகு மனம் கேட்காமல், ஈடாக என் செருப்பைப் பிடுங்கி இரண்டுக்கும் லாடம் அடித்துக் கொடுத்தார். நான் வருவது நாலு வீடு முன்னாலேயே பையன்களுக்குக் கேட்டது. ஒரே மாதத்தில் தோல் கிழிந்தது. புதுச் செருப்பு பதினாலணா.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. காய்கறி விலை முதல் தபால் செலவு வரை எல்லாவற்றுக்கும் முணுமுணுக்கிறவன் நான். வீட்டில் கேட்டால் சொல்வார்கள். முணுமுணுக்காமல் நான் செலவழித்த ஒரே தொகை, ஏலமும் செருப்பும் சேர்த்து, மூன்று ரூபாய் இரண்டணா.