அறுபத்து மூன்று குதிரைகளும் ஒரு மடக்குக் கத்தியும்

தக்காளிக் கூடையின் வாயைச் சணல் போட்டுக் கட்டினால், மிச்சச் சணலை அறுக்க ஒரு கத்தி வேண்டும். பாலக்கோடு சந்தைக்குக் கூடை போடுகிற எவனுக்கும் அவ்வளவுதான் தேவை. எண்பத்து மூன்றாம் வருஷம் இந்தத் தேவையோடு நான் நவீன உழவுக் கருவி விற்பனை நிலையத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

எழுத்தர் தீர்த்தகிரி மேசையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒரு மடக்குக் கத்தியை எழுந்தருளச் செய்தார். அடேயப்பா, அரைச் செங்கல் கனம்!

"கனரகப் பன்னோக்கு மடக்குக் கத்தி. பதினாலு கருவி. ஏரோப்ளேன் கம்பியையே அறுக்கும்."

"சணல் அறுக்குங்களா?"

"நோட்டீசுல சணலைப் பத்தி ஒண்ணும் போடல. குதிரை எத்தனை வெச்சிருக்கீங்க?"

"குதிரைங்களா?"

"குதிரைக் குளம்புல மாட்டின கல்லை எடுக்க இதுல ஒரு கொக்கி இருக்குது. குதிரை இல்லாதவருக்குக் குடுத்தா கொக்கி வீண். அரசாங்கப் பொருளை வீணடிக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க."

அவர் சொல்வதும் நியாயம்தானே? "ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். படிவத்தில் ஏறிவிட்டது.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தபின் ஊர் சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் அறுபத்து மூன்று கத்தி, அறுபத்து மூன்று குதிரை. சணலை மட்டும் எல்லோரும் பல்லால் கடித்தோம். கத்தியை விரிப்பதற்குள் சந்தை லாரி போய்விடும்.

மாட்டு டாக்டர் வேண்டுமென்று பதினோரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. குதிரைக் கணக்கு மேலிடத்துக்குப் போன நாற்பதாம் நாள், குதிரை டாக்டரே ஜீப்பில் வந்து இறங்கினார்.

அன்றைக்குப் பார்த்து என் பசு கன்று போட முடியாமல் காலையிலிருந்து தரையில் கிடந்தது. எங்கள் வூட்டில் கறக்கிற உயிர் அது ஒன்றுதான். என் மனைவி மிக்கேலம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இது பசு. எனக்கு வந்த உத்தரவுல குதிரை மட்டும்தான்" என்றார்.

"குதிரைதாங்க."

"கொம்பு இருக்கே?"

மிக்கேலம்மாளுக்கு வந்ததே கோபம்! "பதிவேட்டைப் பாருங்க சார்! மதலைமுத்து, குதிரை ஒண்ணு. கொம்பு இல்லைன்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதா?"

கையிலிருந்த பதிவேட்டில் என் பேரைப் புரட்டிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. சட்டையைக் கழற்றினார்.

பாவம், நல்ல மனுஷன். கன்று முழுசாக வந்து விழுந்தது. "தொப்புள் கொடியை அறுக்கணும், கத்தி!" என்று கையை நீட்டினார்.

வந்தது யோகம் என்று என் கத்தியை எடுத்தேன். கொக்கி வந்தது. ரம்பம் வந்தது. மீன் செதில் சீவுவதுகூட வந்தது. அறுக்கிற தகடு மட்டும் வரவில்லை, என் நகம்தான் போனது. மிக்கேலம்மாள் அடுப்படி அரிவாளை வெந்நீரில் முக்கிக் கொடுத்தாள்.

'குதிரைக் குட்டி ஒன்று, நலம்' என்று எழுதிக்கொண்டு டாக்டர் போனார்.

அடுத்த வருஷ நோட்டீசில், 'இக்கத்தி புழங்கும் ஊர்களில் குதிரை வளம் பெருகியுள்ளது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தீர்த்தகிரியிடம் போனேன்.

அவர் புதுக் கத்தியை எழுந்தருளச் செய்தார். பதினெட்டுக் கருவி. கூடுதலாக, ஒட்டகச் சேணம் தைக்க ஓர் ஊசி.

"ஒட்டகம் எத்தனை வெச்சிருக்கீங்க?" என்று பேனாவைத் திறந்தார்.

என் பேரில் இருந்த ஒரே குதிரை பசுவுக்குப் போய்விட்டது. வூட்டில் மூன்று வெள்ளாடுகள் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தன.

"மூணுங்க" என்றேன்.