நாக்கு அண்ணனும் நாடகத்துக்கு முந்தைய சாப்பாடும்

படம் பார்க்கப் போகும் முன் எங்கே, எதைச் சாப்பிட வேண்டும் என்று முழுசாகத் தெரிந்தவர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரே ஒருவர்தான். திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ராட்சத வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நிஜப் பெயரை மேனேஜரே மறந்திருந்தார். ஊருக்கெல்லாம் அவர் ‘நாக்கு’. எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு ‘நாக்கு அண்ணே’.

வயிறு ஒத்துழைக்காமல் எந்தப் படமும் ஓடாது என்பது அவருடைய கட்சி. பேய்ப் படம் என்றால் கொத்து பரோட்டா. “அந்தத் தோசக்கல்லு சத்தத்துலயே பாதி பயம் தெளிஞ்சிரும்.” அடிதடிப் படத்துக்கு முள்ளில்லாத மீன். “ஹீரோ ஓங்கி அடிக்கிறப்ப உனுக்குத் தொண்டையில முள்ளு மாட்டினா யாரு பாக்கறது?” அழுகிற படத்துக்கு ரசம் சாதம் தவிர எதுவும் கூடாது.

“ஏன் அண்ணே, பிரியாணி சாப்ட்டா அழுகை வராதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்கேந்து வரும் தங்கச்சி? இருக்கிற தண்ணியெல்லாம் பிரியாணி குடிச்சிரும். கண்ணுக்கு இன்னா மிச்சம் கீது?”

சம்பளம் வந்த வாரத்தில் யார்டிலிருந்து ஒரு கும்பலாகப் படத்துக்குப் போவோம். ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஒரு கடையில் சர்வர் தலை வாரிக்கொண்டிருந்தான், வேண்டாம். இன்னொன்றில் முதலாளி அளவுக்கு மீறிச் சிரித்தார். “இப்டிச் சிரிக்கிறான்னா சாம்பார் நேத்துது.” கேட்டில் வேலை பார்த்த பாஸ்கர், செல்போனைக் காட்டி, “இந்தக் கடைக்கு நாலரை ஸ்டார் அண்ணே” என்றால், “ஸ்டார் போட்டவன் நாக்க இட்டுனு வா, பாக்கலாம்” என்பார். இப்படி நடந்து நடந்து, நான் எந்தப் படத்திலும் பெயர் போடுவதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் போய் உட்காரும்போது கதாநாயகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

தண்டையார்பேட்டையில் ஒரு மெஸ் வாசலில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த ஒரு மீசைக்காரரை அண்ணன் மடக்கினார்.

“நைனா, கொஞ்சம் நில்லு. ஒரு ஏப்பம் வுட்டுட்டுப் போ.”

மீசைக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். “இன்னா, நக்கலா?”

“நக்கல் இல்ல மாமு. வாயி பொய் சொல்லும், ஏப்பம் சொல்லாது.”

மீசைக்காரர் யோசித்தார். அப்புறம் சட்டையை விட்டுவிட்டு, ரகசியம் போல, “இங்க போவாத. நானே தெரியாம நொழஞ்சிட்டேன்” என்றார். அடுத்த தெருவில் இருந்த கடைக்கு அவரே எங்களை அழைத்துப் போனார். எங்களோடு மறுபடி சாப்பிட்டார். படத்துக்கும் வந்தார். பொண்டாட்டி பால் வாங்கிவரச் சொல்லி அனுப்பியது அவருக்கு இடைவேளையில்தான் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மனைவி எப்போதோ இறந்துவிட்டார். மகன் டேவிட், எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்டிராக்ட் ஆளாகப் போனவன். ஒருநாள் தொட்டியைச் சுத்தம் பண்ண உள்ளே இறக்கினார்கள். உள்ளே விஷக் காற்று இருந்தது. மேலே கொண்டுவந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மதியம் எங்களோடு உட்கார்ந்தார். பாஸ்கர் வீட்டு உப்புமா அன்றைக்குச் சிமென்ட் மாதிரி இருந்தது. நாங்களே தொடவில்லை. அண்ணன் ஒரு கை எடுத்துச் சாப்பிட்டு, “நல்லாக்கீது” என்றார். நான் எழுந்துபோய் குழாயடியில் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் நல்லாக்கீதுதான். படத்துக்குப் போவதும் நின்றது.

மகள் ஸ்டெல்லா, வேலை நேரம் போக ஒரு நாடகக் குழுவில் இருந்தாள். ஒரு சாயங்காலம் யார்டு கேட்டுக்கு என்னைத் தேடி வந்தாள்.

“அக்கா, தம்பிக்கு நடந்தத நாடகமாப் போடறோம். ராயபுரத்துல, ஒரே ஒரு ஷோ. தம்பியா நான்தான் நடிக்கிறேன். அப்பா வர மாட்டேன்றாரு. எப்டியாவது இட்டுனு வாங்க.”

“அவரால தாங்க முடியுமா ஸ்டெல்லா?”

“வூட்ல தம்பி பேரையே எடுக்க மாட்டேன்றாருக்கா. எனுக்கும் பேச ஆளில்ல. அவரு வரலன்னா நான் யாருக்குன்னு நடிக்கிறது?”

நானும் பாஸ்கரும் மாறி மாறிக் கெஞ்சினோம். கடைசியில் அண்ணன், “சரி. ஆனா சாப்ட்டுத்தான் போவணும்” என்றார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று நினைத்தோம்.

கல்மண்டபத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். முதல் கடையில் லைட்டு ஜாஸ்தி, வேண்டாம் என்றார். அடுத்ததில் ஃபேன் சத்தம். இன்னொன்று பிரியாணிக் கடை. அண்டாவைத் திறந்ததும் வாசனை தெருமுனை வரை வந்தது. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார். காரணம் ஒவ்வொன்றாகச் சொன்னாரே தவிர, ஒரு கடையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலை குனிந்தே இருந்தது.

“அண்ணே, நாடகம் ஆரம்பிச்சிரும்” என்றான் பாஸ்கர்.

“ஆரம்பிக்கட்டும்.”

அவர் ஓட்டல் தேடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையைப் பிடித்து, எதிரே இருந்த ஒரு சைவ ஓட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். சர்வர் வந்து ஒரே மூச்சில், “இட்லி, தோச, பூரி, பொங்கல், கிச்சடி, ஊத்தப்பம்” என்றார். அண்ணன் அவரை அண்ணாந்து பார்த்தார்.

“செத்த புள்ள மறுக்காச் சாவறத பாக்கப் போறேன் நைனா. அதுக்கு இன்னா துன்னலாம்?”

சர்வர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “ஒண்ணும் வோணாம் பெரியவரே. தண்ணி குடிச்சிட்டுப் போய்ப் பாருங்க. இட்லி எங்க போவப் போவுது?” என்றார்.

அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஹால் சின்னது. பாதி நாடகம் ஓடியிருந்தது. இருட்டில் தடவிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் ஸ்டெல்லா, முடியைத் தூக்கிக் கட்டி, டேவிட் போட்டிருந்த நீலச் சட்டையில் நின்றாள். தொட்டிக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசராக நடித்தவன், “சீக்கிரம் எறங்கு, வண்டி வெயிட்டிங்” என்றான். அவள் டிரம்மின் விளிம்பில் கால் வைத்தாள்.

“போவாத நைனா!”

அண்ணன் எழுந்து நின்றிருந்தார். “அந்த வேலையே வோணாம். வூட்டுக்கு வாடா!”

மொத்த ஹாலும் திரும்பியது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. மேடையில் யாருக்கும் அடுத்த வசனம் வரவில்லை. ஸ்டெல்லா காலை எடுத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தாள். இருட்டுக்குள் அப்பா எங்கே என்று தேடினாள்.

“அப்பா, எனுக்கும் எறங்க இஷ்டமில்ல. ஆனா அவனுக்கு இன்னா ஆச்சுன்னு இவங்களுக்குத் தெரியணும்ல?”

அண்ணன், “சரி” என்றார். சின்னக் குரல், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவள் திரும்பிப் போய் இறங்கினாள். அவர் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார்.

முடிந்ததும் ஜனங்கள் கலைந்தார்கள். மை கலைந்த முகத்தோடு ஸ்டெல்லா வெளியே ஓடிவந்தாள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நானும் பாஸ்கரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நடதான் சரியில்ல. அவன் அப்டியா நடப்பான்? எடது தோள கொஞ்சம் எறக்கிகினு, கைய வீசாம…”

அவரே நடந்து காட்ட ஆரம்பித்தார். ரோட்டோரத்தில், ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, அந்த அறுபது வயசுக்காரர் தன் பிள்ளையைப் போல நடந்தார். ஸ்டெல்லா பின்னாலேயே அதே மாதிரி நடந்து பார்த்தாள். “கைய வீசாதன்றேன்ல” என்று திட்டினார். அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி நடந்தாள். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன்.

“போலாமா?” என்றான் பாஸ்கர்.

மணியாகியிருந்தது, பசியும் எடுத்தது. ஆனால் அந்த மனிதரை விட்டுவிட்டு அங்கிருந்து நகர எனக்கு மனசே வரவில்லை.