மோட்டாருக்கு ஜாதகம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பாளையங்கோட்டைப் பொட்டலில் கூட்டம் நெரிந்தது. ரிமோட் கார் பந்தயம் பார்க்கவா? அதுதான் இல்லை. பந்தயம் எட்டரைக்கு. கூட்டம் மொய்த்தது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நெல்லையப்பனை. அவர் தலைக்கு மேல் துணித் தட்டி தொங்கியது: ‘மோட்டார் ஜோதிட ரத்னம். ஹீட்சிங்க் பொருத்தம் பார்க்கப்படும்.’

சிரிக்காதீர்கள். 1996-இல் நடந்த கதை இது. வளைகுடா நாடுகளிலிருந்து மச்சான்மார் அனுப்பிய ரிமோட் கார்கள் அப்போது நெல்லைக்குள் ஓடத் தொடங்கியிருந்தன. ஏசி அறையில் உருண்டு விளையாட வேண்டிய கார், சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம் ஓடினால் மோட்டார் புகைந்தது. அதன் முதுகில் வரிவரியான அலுமினியத் துண்டு ஒன்றை மாட்டினால் அது சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். அதுதான் ஹீட்சிங்க். எதை மாட்டுவது, எப்படி மாட்டுவது? யோசிக்க நேரமில்லாத பெரிய மனிதர்கள் அந்த வேலையை நெல்லையப்பனிடம் விட்டிருந்தார்கள்.

அவர் முறை எளிது. டப்பாவை உடைத்த நேரம்தான் மோட்டார் பிறந்த நேரம். அதற்கு ஜாதகம் கணிப்பார். ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது வண்ணம் பூசிய ஹீட்சிங்குகளில் ஒன்றைப் பத்துப் பொருத்தமும் பார்த்து எடுப்பார். சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பட்டுத்துணி சுற்றிக் கொடுப்பார். தாலி ஒன்றுதான் பாக்கி.

கூட்டுறவுச் சங்க எழுத்தர் குற்றாலலிங்கம் வரிசையில் முதல் ஆள். இரண்டு மோட்டார்களை ஏற்கெனவே எரித்தவர். ஆறு வாரமாக ஒரு பந்தயத்தையும் முடித்ததில்லை. ஆபீசில் அவருக்குப் ‘புகைவண்டி’ என்று பெயர். கையில் இருந்தது மூன்றாவது மோட்டார். ‘இதுவும் போனால் என்னைக் கேட்காதீர்கள்’ என்று சவூதியின் தம்மாமிலிருந்து மச்சான் கடிதம் போட்டிருந்தான்.

“செவ்வாய் தோஷம் வே,” என்றார் நெல்லையப்பன். “செவப்பு மாட்டும். கறுப்ப மட்டும் தொட்டுராதீரும். அது சனி. அஞ்சாவது நிமிசம் வெடிச்சிரும்.”

“போன மோட்டாருக்கும் செவப்புதானே குடுத்தீரு? எரிஞ்சு போச்சே!”

“பட்டு ஒத்தச் சுத்துதான் சுத்தியிருந்தேன். இப்ப ரெண்டு சுத்து.”

“சந்தேகப்படாதியும் வே,” என்றார் பின்னால் நின்ற அறிவியல் ஆசிரியர் ஞானசிகாமணி. “அவரு காரு ஒரு பந்தயத்துலயாவது தோத்திருக்கா?” வாரம் ஐந்து நாள் வெப்பக் கடத்தல் நடத்துகிறவர். ஞாயிறு அவருக்கும் விடுமுறை, அறிவியலுக்கும் விடுமுறை.

குற்றாலலிங்கம் சிவப்பை மாட்டிக்கொண்டு நகர்ந்தபோது ஒரு பெண் வழிமறித்தாள். மேலப்பாளையத்தில் வீட்டிலேயே ரேடியோ பழுதுபார்க்கும் பாத்து என்பவள். அவளும் பந்தயத்துக்குக் காரோடு வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு ஓடுவியளா?”

“எனக்கென்ன கிறுக்கா?”

“பெறவு மோட்டாருக்கு எதுக்குப் பட்டு?”

குற்றாலலிங்கம் பட்டுத்துணியைத் தடவிப் பார்த்தார். ஆறு வாரத்தில் சூட்டைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

“அஞ்சு நிமிசம் ஓட்டிட்டு ஹீட்சிங்க்ல கைய வைங்க. பத்து எண்ணுங்க,” என்றாள்.

ஓட்டினார். பட்டை விலக்கி ஹீட்சிங்கைத் தொட்டார். “ஒண்ணு... ஆத்தாடி!” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“சரி, ஆறட்டும். அந்தக் கறுப்ப வாங்கியாங்க.”

“வெடிக்கும் தாயி! பாவம் உனக்குத்தான்!” என்று அலறினார் நெல்லையப்பன்.

குற்றாலலிங்கத்திடம் இருப்பது ஒரே மோட்டார். ஆனால் விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சனியை அவரே போய் எடுத்து வந்தார்.

பாத்து கத்தியால் கறுப்பைச் சுரண்டினாள். உள்ளே வெள்ளை உலோகம். சிவப்பையும் சுரண்டினாள். அதுவும் அதேதான். “செவ்வாயும் சனியும் ஒரே அலுமினியச் சட்டத்துல அறுத்ததுதான், அண்ணாச்சி,” என்றாள். சந்தனமும் பட்டும் இல்லாமல், மொட்டையாகச் சனியை மோட்டாரில் மாட்டினாள். அதே மாதிரி இன்னொரு பேட்டரி போட்டார்கள். கார் கிளம்பியது.

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. ஞானசிகாமணி குடையை விரித்துப் பிடித்தார். நான்கு நிமிடம். ஐந்து. ஆறு. வெடிக்கவில்லை; தும்மக்கூட இல்லை.

குற்றாலலிங்கம் கையை வைத்தார். சூடு இருந்தது, சுடவில்லை. “எட்டு... ஒம்பது... பத்து!” அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

திரும்பிப் பார்த்தால் நெல்லையப்பன் தன் காரைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

“நில்லும் வே,” என்றார் குற்றாலலிங்கம். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஒம்ம காரு மூடியத் தொறயும்.”

“அது கருவறை வே! தீட்டுப் படும்!”

“தீட்டெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

மூடியைத் திறந்தார்கள். உள்ளே சந்தனமில்லை, பட்டில்லை, கிரகமும் இல்லை. பெரிய வரிகளோடு பளபளவென்று வெறும் அலுமினியம். அடியில் மோட்டாரோடு ஒட்டிச் சூட்டைக் கடத்த வெள்ளைப் பசை. மேலே ஊதுவதற்கு ஒரு குட்டி மின்விசிறி.

“சோசியரே, ஒம்ம மோட்டாருக்கு என்ன நட்சத்திரம்?” என்று எவனோ கேட்டான்.

“உங்களுக்கெல்லாம் நம்பிக்கை பத்தல,” என்றபடியே சைக்கிளில் ஏறினார் ஜோதிட ரத்னம். தட்டியை எடுத்துக்கொள்ளவும் நிற்கவில்லை.

அன்றைய பந்தயத்தில் குற்றாலலிங்கம் கடைசியாக வந்தார். ஆனால் வந்து சேர்ந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் காரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்.

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். குடையை மடக்கிய ஞானசிகாமணி, பாத்துவிடம் பைய நெருங்கிப் பணிவாகக் கேட்டார்:

“ஏம்மா, பெயின்டச் சுரண்டுதுக்கு எந்தக் கிழமை நல்லது?”

நாம் என்ன சொல்ல? மோட்டார் சூடானால்தான் கெடுதல், ஐயா. தலை சூடாகலாம், யோசிக்கிற தலை சூடாகத்தான் செய்யும். உங்கள் தலையைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.